ஒரு காகிதம் வந்த வழியே: 'எனிக்மா' படத்தின் தடத்தில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வியாழன்: பிளெட்ச்லி

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ஏறிய ரயில் ஒரு மணி நேரத்துக்குள் பிளெட்ச்லியில் இறக்கிவிட்டது. நிலையத்துக்கு வெளியே சாலையைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் பூங்காவின் வாயில் வந்துவிடுகிறது. இந்த நெருக்கம் தற்செயலானது அன்று. ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைத்த ரயில் பாதை, லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெரும்பாதையைச் சந்தித்த ஊர் இது. இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் அறிஞர்களை எளிதில் வரவழைக்கலாம் என்பது, எதிரிகளின் சங்கேதங்களை உடைக்கும் பணிக்காக 1938-இல் பிரிட்டிஷ் உளவுத்துறை பூங்காவில் உள்ள மாளிகையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

என்னை இங்கே அழைத்து வந்தது ஒரு திரைப்படம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தம் செய்திகளைச் சங்கேதமாக்கப் பயன்படுத்திய இயந்திரத்தின் பெயர் எனிக்மா. அந்தப் பெயரிலேயே ராபர்ட் ஹாரிஸ் 1995-இல் எழுதிய நாவலை, டாம் ஸ்டாப்பர்டின் திரைக்கதையைக் கொண்டு மைக்கேல் ஆப்டெட் படமாக்கினார், 2001-இல் வெளியானது. கதை நடப்பது 1943 மார்ச் மாதம். ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் சங்கேதத்துக்குப் பிளெட்ச்லியில் வைத்திருந்த பெயர் 'சுறா'. அதுவரை படிக்க முடிந்த அந்தச் சங்கேதம் ஒரே நாளில் இருண்டுபோகிறது. அதே வேளையில் அமெரிக்காவிலிருந்து சரக்குக் கப்பல்கள் அணி அணியாகப் புறப்பட்டு அட்லாண்டிக்கின் நடுவே வந்துகொண்டிருக்கின்றன. அளவுமீறிய உழைப்பாலும் காதல் முறிவாலும் மனம் நொறுங்கி ஓய்வில் இருந்த டாம் ஜெரிக்கோ என்ற இளம் கணிதவியலாளர் மீண்டும் அழைக்கப்படுகிறார். அவர் காதலித்த கிளேர் என்ற பெண்ணோ காணாமல் போயிருக்கிறார். கிளேரின் அறையில் தரைப்பலகைக்கு அடியில், இன்னும் உடைக்கப்படாத சில சங்கேதச் செய்திகள் எழுதிய காகிதங்கள் ஜெரிக்கோவுக்குக் கிடைக்கின்றன.

அந்தக் காகிதங்கள்தான் இத்தனை ஆண்டுகளாக என் மனத்தைவிட்டு அகலாதவை. என் பெரியப்பா திருநெல்வேலித் தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுதும் பணியில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய விரல் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும். படத்தில் எல்லோரும் துரோகி யார், கிளேர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது, அந்த எழுத்துகளை முதன்முதலில் காதால் கேட்டுக் காகிதத்தில் எழுதியவர் யார் என்பதே எனக்குக் கேள்வியாக நின்றது. ஆகவே இந்தப் பயணத்தை ஒரு காகிதத்தின் பின்னோக்கிய வழியாக அமைத்துக்கொண்டேன்: சங்கேதம் உடைந்த இடத்தில் தொடங்கி, அது ஒலியாகக் கேட்ட இடத்துக்கும், அதற்கும் அப்பால் கடலுக்கும்.

படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முதலில் ஒரு தடுமாற்றம் ஏற்படும். படத்தில் பிளெட்ச்லியாக வரும் செங்கல் மாளிகை இங்கே இல்லை. உண்மையான மாளிகை பல பாணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்தது போன்ற விக்டோரியா காலக் கட்டடம்; முன்னால் ஒரு சிறு ஏரி. ஆனால் வேலை நடந்தது மாளிகைக்குள் அன்று, சுற்றிலும் எழுந்த மரக் குடில்களிலும் பின்னர் கட்டிய செங்கல் கட்டடங்களிலும்தான். ஆறாம் குடிலில் உடைக்கப்பட்ட செய்தியை மூன்றாம் குடிலுக்கு அனுப்ப இரண்டுக்கும் இடையே மரத்தால் ஒரு சிறு சுரங்கம்போல் அமைத்து, தட்டில் வைத்துத் துடைப்பக் கம்பால் தள்ளினார்கள். அடுத்த குடிலில் என்ன நடக்கிறது என்று அறியாமலேயே போர் முழுவதும் இங்கே பணியாற்றியவர்கள் ஏராளம். போரின் இறுதிக் கட்டத்தில் இங்கும் இதன் கிளைகளிலும் பணியாற்றியோர் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். 1974 வரை உலகுக்கு இதைப் பற்றி ஏதும் தெரியாது.

கடற்படைச் சங்கேதத்தைக் கையாண்ட எட்டாம் குடிலில் நெடுநேரம் நின்றேன். தாழ்ந்த கூரை, மங்கிய விளக்கு, இக்குழுவை நடத்திய கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் மேசை. இங்கே ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். கதை நடக்கும் 1943 மார்ச்சில் 'எட்டாம் குடில்' என்ற பெயர் மட்டுமே எஞ்சியிருந்தது. ஆட்கள் முந்தைய மாதமே செங்கல் கட்டடத்துக்கு மாறியிருந்தார்கள். டூரிங்கும் அப்போது அமெரிக்காவுக்குச் சென்றிருந்தார். குழுவின் பொறுப்பு ஹியூ அலெக்சாண்டரிடம் இருந்தது. ஜெரிக்கோவை டூரிங்கின் சாயல் என்று எண்ணிக்கொள்ளும் பார்வையாளர்கள் இதை மனத்தில் கொண்டால், நாவலாசிரியர் எவ்வளவு கவனமாக ஓர் இடைவெளியைத் தேர்ந்து அதில் தம் பாத்திரத்தைப் பொருத்தியிருக்கிறார் என்பது விளங்கும்.

கேட் வின்ஸ்லெட் நடித்த ஹெஸ்டர் பாத்திரத்தையும் இங்கேதான் நினைத்துக்கொண்டேன். தம் அறிவுக்குப் பொருந்தாத எழுத்தர் வேலையில் அமர்த்தப்பட்டு, கண்ணாடிக்குப் பின்னால் கோபத்தை அடக்கிக்கொண்டிருப்பவர் அவர். எட்டாம் குடிலில் உண்மையாகவே பணிபுரிந்த ஜோன் கிளார்க் என்ற கணித அறிஞருக்கு ஊதியத்தை உயர்த்த வழியில்லாததால், அவரை மொழியியலாளர் பதவியில் ஏற்றினார்கள். படிவத்தில் 'பதவி: மொழியியலாளர், அறிந்த மொழிகள்: இல்லை' என்று அவர் நிரப்பிய செய்தி பிளெட்ச்லி வரலாற்றில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. ஹெஸ்டர் மிகையான கற்பனை அல்லர்.

மாலையில் குதிரைலாய முற்றத்துக்குச் சென்றேன். திறந்த புத்தகத்தின் வடிவில் ஒரு நினைவுக்கல் அங்கே இருக்கிறது. மரியன் ரெயெவ்ஸ்கி, யெர்சி ருசிட்ஸ்கி, ஹென்றிக் சிகால்ஸ்கி என்ற மூன்று போலந்துக் கணிதவியலாளர்களுக்கு 2002-இல் எழுப்பப்பட்டது. எனிக்மா இயந்திரத்தின் உள்ளமைப்பை 1932-லேயே கணிதத்தால் கண்டறிந்தவர் ரெயெவ்ஸ்கி. 1939 ஜூலையில், போர் தொடங்க ஐந்து வாரங்களே இருந்தபோது, வார்சாவுக்கு அருகில் பிரி காட்டில் போலந்துக்காரர்கள் தாங்கள் அறிந்த அனைத்தையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள்.

இனி எழுதுவது கதையின் முடிச்சை அவிழ்த்துவிடும் என்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். படத்தில் துரோகியாக வெளிப்படுபவர் ஒரு போலந்துக்காரர். கட்டின் காட்டில் கொல்லப்பட்டவர்களுள் தம் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் உண்டு என்றும், நேச நாடுகள் அதை மூடி மறைக்கின்றன என்றும் அறிந்ததால் அவர் ஜெர்மானியர் பக்கம் சாய்கிறார். 1940 வசந்தத்தில் சோவியத் இரகசியக் காவல்துறை ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளையும் படித்தவர்களையும் கொன்றதும், அந்தப் பழியை மாஸ்கோ 1990 வரை ஏற்காமல் இருந்ததும் மறுக்க முடியாத வரலாறு. இந்தக் கொடுமையைக் கதையின் நடுவில் கொண்டுவந்த துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆயினும் படத்தில் நினைவில் நிற்கும் ஒரே போலந்து முகம் துரோகியின் முகமாக இருப்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. போலந்துக்காரர்களிடம் அது கோபத்தை எழுப்பியதில் நியாயம் உண்டு. ரெயெவ்ஸ்கியும் சிகால்ஸ்கியும் 1943-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோதும் பிளெட்ச்லிக்குள் அனுமதிக்கப்படவில்லை. வேறோர் இடத்தில் சிறிய சங்கேதங்களை உடைக்கும் வேலைதான் அவர்களுக்குத் தரப்பட்டது. பிளெட்ச்லியிலிருந்து அந்நிய நாட்டுக்கு இரகசியங்களைக் கொடுத்தவராக வரலாறு அறிந்த ஜான் கெய்ர்ன்கிராஸ் பிரிட்டனில் பிறந்தவர். அவர் கொடுத்ததும் சோவியத் ஒன்றியத்துக்கு. நினைவுக்கல்லின் முன் நின்றபோது, படம் வெளியாகி ஓராண்டு கழித்தே இது எழுந்தது என்ற கணக்கு மனத்தில் ஓடியது.

இரண்டாம் நாள், வெள்ளி: இயந்திரமும் மாளிகையும்

பூங்காவின் எல்லையிலேயே, தனிக் கட்டணத்துடன், கணினிகளுக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. டூரிங் வடிவமைத்து, கார்டன் வெல்ச்மன் மேம்படுத்திய 'பாம்ப்' இயந்திரத்தைத் தன்னார்வலர்கள் மீண்டும் உருவாக்கி இங்கே இயக்கிக் காட்டுகிறார்கள். ஆள் உயர அலமாரி போன்ற உடல். முன்புறத்தில் மூன்று மூன்றாக அடுக்கிய 108 வண்ண உருளைகள். ஓடத் தொடங்கியதும் கைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்ததுபோல் ஓர் இரைச்சல். திடீரென்று அது நின்றுவிட்டால், ஒரு விடை இருக்கக்கூடும் என்று பொருள். இத்தகைய இயந்திரங்கள் போர் முடிவதற்குள் சுமார் 200 இருந்தன. அவற்றை இயக்கியவர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள்.

எனிக்மாவை அமைக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை எழுத 159-ஐத் தொடர்ந்து 18 சுழிகள் இட வேண்டும். இத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது எந்த இயந்திரத்தாலும் ஆகாது. செய்தியில் என்ன சொல் இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்தால்தான் இயந்திரத்துக்கு வேலை கொடுக்க முடியும். எனிக்மாவில் எந்த எழுத்தும் தன்னையே தனக்குச் சங்கேதமாகப் பெறாது என்ற குறை இந்த ஊகத்துக்குத் துணை நின்றது.

நீர்மூழ்கிகள் விஷயத்தில் அந்த ஊகத்தைத் தந்தது வானிலை. நீர்மூழ்கிகள் தாம் இருக்கும் கடலின் வானிலையை அறிவிக்கும்போது, செய்தியை நீளமாக அனுப்பாமல் ஒரு சிறு குறியீட்டு நூலைக் கொண்டு சில எழுத்துகளாகச் சுருக்கி, அதை எனிக்மாவில் இட்டு அனுப்பின. அதே வானிலை விவரங்கள் பின்னர் ஜெர்மன் வானிலை நிலையங்களின் வேறொரு சங்கேதத்தில் ஒலிபரப்பாயின. அந்தச் சங்கேதத்தைப் பிளெட்ச்லியின் பத்தாம் குடில் முன்பே படித்துக்கொண்டிருந்தது. குறியீட்டு நூல் கையில் இருந்தால், நீர்மூழ்கி என்ன அனுப்பியிருக்கும் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடலாம். இன்னொரு வாய்ப்பும் இருந்தது. 1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நான்காவது சக்கரம் சேர்ந்ததும் பிளெட்ச்லி பத்து மாதங்கள் குருடாகிப் போனது. ஆனால் வானிலைச் செய்திகளை அனுப்பும்போது மட்டும் அந்த நான்காவது சக்கரத்தை இயங்காத நிலையில் வைத்துப் பழைய மூன்று சக்கர இயந்திரமாகவே பயன்படுத்தினார்கள். புதிதாக ஒரு பூட்டை வாங்கி மாட்டிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தது போன்ற செயல் அது.

1943 மார்ச் 10-ஆம் தேதி வானிலை நூலின் புதிய பதிப்பு நடைமுறைக்கு வந்தது. கொல்லைக் கதவும் மூடிக்கொண்டது. கதை தொடங்கும் இடம் இதுதான். இது கற்பனை அன்று. எஞ்சியிருந்த ஒரே வழி, நீர்மூழ்கிகள் கப்பல் அணியைக் கண்டதும் அனுப்பும் மிகச் சுருக்கமான அறிவிப்புகள். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று பிரிட்டனுக்குத் தெரியும். ஆகவே அந்த அறிவிப்பில் எந்த இடம் குறிக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் அதற்கு அறிவிப்புகள் நிறைய வேண்டும். அறிவிப்புகள் நிறைய வர வேண்டுமானால் நீர்மூழ்கிகள் நிறைய வர வேண்டும்.

இந்த இடத்தில் ஜெரிக்கோவின் முகத்தில் டூக்ரே ஸ்காட் கொண்டுவரும் வெளிறிய அமைதியை நான் மறந்ததில்லை. கப்பல்களைக் காப்பாற்ற வேண்டிய மனிதர்கள், கப்பல்கள் கண்டுபிடிக்கப்படுவதற்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. உண்மையிலும் 'சுறா' ஒன்பதாவது நாளில், மார்ச் 19-இல், மீண்டும் உடைந்தது. எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 என்ற இரண்டு அணிகளையும் நீர்மூழ்கிகள் சூழ்ந்து தாக்கிய அதே நாட்கள் அவை. 22 சரக்குக் கப்பல்கள் மூழ்கின; 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். துரோகி, கடத்தல், துரத்தல் ஆகிய அனைத்தையும் எடுத்துவிட்டாலும் இந்தக் காத்திருப்பு ஒன்றே இப்படத்தை நிறுத்தப் போதுமானது என்பது என் உறுதியான எண்ணம். படமோ இறுதிப் பகுதியை ஸ்காட்லாந்துக் கடற்கரைக்குக் கொண்டுசென்று வழக்கமான துரத்தலில் செலவழித்துவிடுகிறது.

பிற்பகலில் வாடகைக் காரில் சிச்சிலி கிராமத்துக்குச் சென்றேன். நியூபோர்ட் பாக்னலைத் தாண்டிப் பெட்ஃபோர்டு செல்லும் சாலையில் இருக்கிறது. படத்தில் பிளெட்ச்லியாக நின்ற சிச்சிலி மாளிகை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சிவந்த செங்கல் கட்டடம். போர்க்காலத்தில் இரகசியப் படைப்பிரிவினரின் பயிற்சிப் பள்ளியாகவும் இருந்திருக்கிறது. தனியார் இடம் என்பதால் சாலையோரமாக நின்று பார்த்தேன். படப்பிடிப்பில் பயன்பட்ட எனிக்மா இயந்திரம், படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவரான பாடகர் மிக் ஜாகரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது. அந்த மாளிகையின் முன்பாக இருப்பதுபோல் நினைத்துக்கொண்டு ஜான் பாரியின் இசையைக் காதொலிப்பானில் ஒருமுறை கேட்டேன். அதற்கு மேல் இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள், சனி: கேட்டு எழுதியவர்கள்

பிளெட்ச்லியிலிருந்து பெட்ஃபோர்டு செல்லும் சிறிய ரயில், அந்தப் பழைய ஆக்ஸ்போர்டு - கேம்பிரிட்ஜ் பாதையின் எஞ்சிய துண்டில்தான் ஓடுகிறது. பெட்ஃபோர்டிலிருந்து கெட்டரிங்கில் மாறி லெஸ்டர் சென்றேன். அங்கே பணிபுரியும் என் அக்கா மகள் நிலையத்துக்கு வந்திருந்தாள். இருவருமாக லஃப்பரோ சென்று, கிரேட் சென்ட்ரல் என்னும் பாரம்பரிய ரயில் பாதையில் நீராவி வண்டி ஏறினோம். படத்துக்கான நீராவி ரயில்கள் இந்தப் பாதையிலிருந்து பெறப்பட்டவை. குவார்ன் அண்டு வுட்ஹவுஸ் நிலையத்தை 1940-களின் தோற்றத்தில் பராமரிக்கிறார்கள். தேநீர்க் கடையும் அக்காலத்துப் போர்வீரர் தேநீரகம் போலவே இருக்கிறது. கரிப்புகையின் மணம் என்னைச் செங்கோட்டை வண்டிக்கு அழைத்துச் சென்றுவிட்டது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் சொல்ல வந்தது நின்றுவிடும்.

அந்த நிலையத்திலிருந்து வுட்ஹவுஸ் கிராமம் வரை நடந்தோம். அங்கேதான் பியூமேனர் மாளிகை இருக்கிறது. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தின் நெல்சன் தூணை வடிவமைத்த வில்லியம் ரெயில்டன் கட்டியது. போரின்போது இது தரைப்படையின் ஒட்டுக்கேட்பு நிலையம். நாவலில் ஜெரிக்கோவும் ஹெஸ்டரும் கிளேர் மறைத்த காகிதங்களின் மூலத்தைத் தேடி இங்கேதான் வருகிறார்கள்.

மாளிகையைச் சுற்றிக் கட்டிய பணிக்கூடங்களை வானிலிருந்து பார்ப்பவர்கள் ஐயப்படாதவாறு குடியிருப்பு வீடாகவும் குதிரைலாயமாகவும் வைக்கோல் கொட்டகையாகவும் கண்ணாடி மூடிய செடிவீடாகவும் வேடமிட்டு அமைத்தார்கள். உள்ளே அமெரிக்க வானொலிப் பெட்டிகளின் முன்னால், காதில் கேட்பான்களை மாட்டிக்கொண்டு தரைப்படை மகளிர் பிரிவின் பெண்கள் இரவும் பகலும் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பிறநிலையங்களின் குறுக்கீடு, இடி மின்னலின் கரகரப்பு, தேய்ந்து போகும் ஒலி ஆகியவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய மோர்ஸ் ஒலியைப் பிடித்து, ஐந்தைந்து எழுத்துகளாகக் காகிதத்தில் எழுதினார்கள். எழுதிய தாள்கள் தொலையச்சு வழியாகவும் மோட்டார் சைக்கிள் தூதர்கள் வழியாகவும் பிளெட்ச்லிக்குச் சென்றன. நீர்மூழ்கிகளின் செய்திகளைக் கேட்டவை ஸ்கார்பரோ, வின்செஸ்டருக்கு அருகில் உள்ள ஃபிளவர்டவுன் ஆகிய கடற்படை நிலையங்கள். அங்கே எழுத்துகள் நான்கு நான்காக வந்தன. ஜப்பானியக் கடற்படையின் ஒலிகளைக் கேட்ட இத்தகைய நிலையம் ஒன்று கொழும்பிலும் இருந்தது. ஆண்டர்சன் என்பது அதன் பெயர்.

வாயிலருகே நின்றபடி அக்கா மகள் கேட்டாள்: "மாமா, எழுதினவங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. எழுத்து மட்டும்தான் தெரியும்."

"அப்புறம் எப்படித் தப்பில்லாம எழுதியிருப்பாங்க? அர்த்தம் தெரிஞ்சா ஒரு எழுத்து விட்டுப்போனாலும் நாமே நிரப்பிடலாம். அர்த்தமே இல்லைன்னா?"

அவள் கேட்டதற்குப் பெரியப்பாதான் பதில் சொல்லியிருக்க வேண்டும். தந்தியில் வருவது தமிழோ ஆங்கிலமோ, ஊர்ப்பெயரோ, சாவுச் செய்தியோ, விரல் எழுதிக்கொண்டிருக்கும்போது மனம் அதைப் படிக்கக் கூடாது என்று அவர் சொல்வார். படித்தால் அடுத்த எழுத்து தவறிவிடும். ஆனால் எழுதி முடித்த பின் அவர் படித்தார். யார் வீட்டுக்கு என்ன துயரம் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே இருந்த பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒரு தவறான எழுத்து பாம்ப் இயந்திரத்தை வீணாக ஓட விடும் என்பதற்காகவே, பொருளற்ற எழுத்துகளைப் பல்லாயிரக்கணக்கில் பிழையின்றி எழுதினார்கள். தாங்கள் எழுதியது பயன்பட்டதா என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார்கள். அறியாமலே இறந்தவர்களும் உண்டு. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது பெரியப்பா இல்லை. இருந்திருந்தால் இந்த வாயிலைப் பற்றி அவருக்கு நீண்ட கடிதம் எழுதியிருப்பேன்.

நான்காம் நாள், ஞாயிறு: டாம்வொர்த்

லெஸ்டரிலிருந்து நனீட்டனில் மாறி டாம்வொர்த் வந்தேன். படத்தில் இந்த ஊர் இல்லை. ஆனால் படம் தொடங்கும்போது பிளெட்ச்லியின் கையில் 'சுறா' எப்படி வந்தது என்று கேட்டால், பதில் இந்த ஊரில் இருக்கிறது.

1942 அக்டோபர் 30. நைல் கழிமுகத்துக்கு வடக்கே, மத்தியதரைக் கடலில், பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் யு-559 என்ற நீர்மூழ்கியைப் பகல் முழுவதும் ஆழக்குண்டுகளால் தாக்கி, இரவில் மேலே வரச் செய்தன. அதன் மாலுமிகள் கடல்நீர் உள்ளே புகும்படி அடைப்புகளைத் திறந்துவிட்டு வெளியே குதித்தார்கள். சங்கேத நூல்களை அழிக்கவில்லை. பெட்டார்ட் கப்பலின் லெப்டினன்ட் டோனி ஃபாசன், டாம்வொர்த்தில் பிறந்த 22 வயது மாலுமி காலின் கிரேசியர் ஆகிய இருவரும் இருளில் நீந்திச் சென்று, மூழ்கிக்கொண்டிருந்த அந்த நீர்மூழ்கிக்குள் இறங்கினார்கள். கப்பலின் சிற்றுண்டிச் சாலை உதவியாளன் டாமி பிரவுன் அவர்களைப் பின்தொடர்ந்தான். அவன் வயது 16; வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவன். அவர்கள் உள்ளிருந்து கொடுத்த நூல்களை வாங்கி வாங்கி மேலே நின்ற படகில் சேர்த்தான். மேலே வரும்படி அவன் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதே நீர்மூழ்கி சட்டென்று அமிழ்ந்தது. அவன் மட்டும் குதித்துத் தப்பினான்.

அந்த நூல்களில் ஒன்று வானிலைக் குறியீட்டு நூல். நவம்பர் 24-இல் அது பிளெட்ச்லிக்கு வந்தது; டிசம்பர் 13-இல் 'சுறா' உடைந்தது. பத்து மாத இருளுக்குப் பின் கப்பல் அணிகளை நீர்மூழ்கிகளின் பாதையிலிருந்து விலக்கி அனுப்ப முடிந்தது.

ஃபாசனுக்கும் கிரேசியருக்கும் இறந்தபின் ஜார்ஜ் சிலுவை விருது தரப்பட்டது. எதற்காக இறந்தார்கள் என்பதை வெளியே சொல்ல முடியாததால் குடும்பங்கள்கூடப் பல ஆண்டுகள் உண்மையை அறியவில்லை. டாமி பிரவுன் ஜார்ஜ் பதக்கம் பெற்றான். 1945-இல் தன் வீட்டில் பற்றிய தீயிலிருந்து தங்கையைக் காப்பாற்ற முயன்று இறந்துபோனான்.

செயின்ட் எடித்தா சதுக்கத்தில், தேவாலயத்தின் நிழலில், அந்த மூவருக்குமாக மூன்று நங்கூரங்கள் கொண்ட சிற்பம் நிற்கிறது. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று இடைவிடாமல் எழுதி நிதி திரட்டியதன் பயனாக 2002-இல் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கடைவீதிக்கு வந்தவர்கள் அதன் அருகே அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். குழந்தை ஒன்று நங்கூரத்தின் வளைவைப் பிடித்துத் தொங்கியது. அதைக் கண்டு எனக்கு வருத்தம் எழவில்லை. கடலைப் பார்த்திராத, உள்நாட்டின் நடுவில் உள்ள இந்த ஊரில் ஒரு நங்கூரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லதுதான்.

ஐந்தாம் நாள், திங்கள்: டவர் ஹில்

இன்று லண்டன் திரும்பினேன். நேரே டவர் ஹில் சென்று, போரில் கடலோடு போன வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவிடத்துக்குள் இறங்கினேன். முதற்போருக்கான மண்டபத்தின் பின்னால், தரைமட்டத்துக்குக் கீழே தாழ்ந்த ஒரு தோட்டம். சுற்றுச் சுவர்களில் வெண்கலத் தகடுகள். இரண்டாம் போரில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத ஏறத்தாழ 24,000 பேரின் பெயர்கள், அவரவர் கப்பலின் பெயருக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் கப்பல்களில் பணியாற்றி இறந்த இந்தியக் கப்பலோட்டிகளின் பெயர்கள் இங்கே இல்லை. அவை மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவிடங்களைச் சேர்ந்தவை. ஒரே கப்பலில் ஒரே இரவில் இறந்தவர்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்து நிற்கிறார்கள்.

படத்தின் கண் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்கிறது; நாம் காண்பது வரைபடத்தையும் அதைப் பார்ப்பவர்களின் முகங்களையும்தான். ஜெரிக்கோ காத்திருந்த அந்தச் சுருக்கமான அறிவிப்புகள் ஒவ்வொன்றும் இந்தச் சுவரின் ஏதோ ஒரு பகுதியை நோக்கி அனுப்பப்பட்டவை. அணியின் பட்டியலைக் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு தேடினேன். எச்.எக்ஸ். 229 அணியின் 'கனேடியன் ஸ்டார்' முதலில் கிடைத்தது. பிறகு எஸ்.சி. 122 அணியின் 'போர்ட் ஆக்லாண்ட்'. அதே அணியின் 'கிங் கிரஃபித்', 'கிங்ஸ்பரி' இரண்டையும் மார்ச் 17 அதிகாலையில் ஒரே நீர்மூழ்கி ஒரே தாக்குதலில் வீழ்த்தியது. அகரவரிசை இங்கேயும் அவற்றை அதிகம் பிரிக்கவில்லை.

நேற்றைய மழை தகடுகளின் விளிம்பில் தேங்கியிருந்தது. குறிப்பேட்டைத் திறந்து, 'கிங் கிரஃபித்' என்ற பெயருக்குக் கீழே உள்ளவர்களின் பெயர்களைப் பெரிய ஆங்கில எழுத்துகளில், பெரியப்பா தந்தித் தாளில் எழுதுவதைப்போல, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். எழுதி முடித்தபின் முதல் பெயரிலிருந்து வாய்விட்டுப் படித்தேன்.